கருத்தடை மாத்திரை போட்டால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுமா? ரிப்போர்ட்டில் சிவப்பு அம்புக்குறி

கயல்
எல்லோருக்கும் வணக்கம். சில வருடங்களாகக் கருத்தடை மாத்திரை எடுத்து வருகிறேன். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த வகை. கருத்தடைக்காக மட்டுமல்ல, மாதவிடாய் வலி தாங்க முடியாமல் போனதால் டாக்டர் எழுதிக் கொடுத்தது. வலி நின்றுவிட்டது, வேறு தொந்தரவும் இல்லை.

சமீபத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். பட்டியலில் ‘டி-ராம்ஸ்’ என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தது, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளக்குமாம். 250 முதல் 300 வரை இயல்பு என்று அச்சிட்டிருக்கிறார்கள், எனக்கு 430. பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. ஹெச்எஸ்-சிஆர்பி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையும் 3-ஐத் தாண்டிவிட்டது. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சரி. புகைப்பழக்கம் கிடையாது. ரிப்போர்ட்டை விளக்க போன் செய்தவர், “உடம்பில் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் அதிகம், மாத்திரைதான் காரணம், இன்றே நிறுத்திவிட்டு ஆன்டிஆக்ஸிடன்ட் காப்ஸ்யூல் ஆரம்பியுங்கள்” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. இதில் எவ்வளவு உண்மை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சை இலை
நிறுத்துவதுதான் நல்லது கயல். மாத்திரை போடும் பெண்களுக்கு ஃப்ரீ ராடிக்கல், அதாவது செல்களைத் தாக்கும் வீரியமான மூலக்கூறுகள், கூடுகிறது என்று ஆய்வுகளிலேயே வந்திருக்கிறது. வைட்டமின் சி, ஈ எல்லாம் குறைந்துபோகும். செயற்கை ஹார்மோனை வருடக்கணக்கில் உள்ளே தள்ளினால் உடம்பு எப்படித் தாங்கும்? என் தோழிகளுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

உயிர்வேதியன்
கயல், முதலில் ஒன்று: அட்டையின் நடுவில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஏன் என்பதை டாக்டர் யாராவது சொல்வார்கள். நான் மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன். அந்த 430 எப்படி வருகிறது என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான மூலக்கூறுகள் எப்போதும் உருவாகிக்கொண்டே இருக்கும். அவற்றை அடக்க எஸ்ஓடி, கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்று நொதிகள் இருக்கின்றன, வைட்டமின் சி, ஈ போன்றவையும் இருக்கின்றன. இவற்றைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். முதல் தரப்பின் கை ஓங்கினால் அதை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மன் உயிர்வேதியியலாளர் 1985-ல் இதற்கு வரையறை கொடுத்தார். இது நோயின் பெயர் அல்ல, ஒரு நிலை. கடுமையாக ஓடினாலும் வரும், காய்ச்சலிலும் வரும், கர்ப்பத்திலும் வரும்.

பச்சை இலை சொன்னதில் பாதி சரி. கூட்டு மாத்திரை எடுக்கும் பெண்களின் ரத்தத்தில் கொழுப்புப் பெராக்சைடுகள் (ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பு) அதிகமாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. பெல்ஜியத்தில் லியேஜ் மாகாணத்தில் 40 முதல் 48 வயதுப் பெண்களிடம் செய்த ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களுக்குப் பெராக்சைடும் கூடியிருந்தது, ரத்தத்தில் செம்பும் கூடியிருந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட்களான கோஎன்சைம் கியூ10, வைட்டமின் ஈ குறைவாக இருந்ததாகவும் வேறு ஆய்வுகள் உண்டு. நொதிகளின் விஷயத்தில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் கூடியிருக்கிறது, சிலவற்றில் குறைந்திருக்கிறது.

அந்தச் செம்பைத்தான் கவனிக்க வேண்டும். மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் எத்தினைல் எஸ்ட்ராடையால். இது கல்லீரலைத் தூண்டிச் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தை அதிகமாகத் தயாரிக்க வைக்கிறது. ரத்தத்தில் உள்ள செம்பில் 90 சதவீதத்துக்கு மேல் இந்தப் புரதத்தோடு ஒட்டியேதான் சுற்றுகிறது. புரதம் கூடினால் செம்பின் அளவும் கூடத்தானே செய்யும்.

இப்போது டி-ராம்ஸுக்கு வருவோம். சீரத்தோடு (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த திரவம்) அமிலத் தன்மையுள்ள கரைசலைச் சேர்ப்பார்கள். புரதங்களிலிருந்து இரும்பு விடுபட்டு, அங்குள்ள ஹைட்ரோபெராக்சைடுகளை ராடிக்கலாக உடைக்கும். அந்த ராடிக்கல், நிறம் காட்டும் வேதிப்பொருளை ஆக்சிஜனேற்றம் செய்து இளஞ்சிவப்பாக்கும். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு எண். அந்த நிறம் காட்டும் பொருள், பி-ஃபினைலீன்டையமின் குடும்பத்தைச் சேர்ந்தது. செருலோபிளாஸ்மினை அளக்க ஆய்வகங்களில் பல காலமாகப் பயன்படுத்தி வந்த பழைய முறையிலும் இதே குடும்பத்துப் பொருள்தான்! செருலோபிளாஸ்மின் தானாகவே அதை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், இடையில் பெராக்சைடே தேவையில்லை. அதனால் டி-ராம்ஸ் எண்ணில் கணிசமான பங்கு செருலோபிளாஸ்மினுடையதுதான் என்று ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே விமர்சித்திருக்கிறார்கள்.

ஆக, மாத்திரை செருலோபிளாஸ்மினைக் கூட்டுகிறது, செருலோபிளாஸ்மின் டி-ராம்ஸைக் கூட்டுகிறது. உங்கள் 430-ல் உண்மையான ஆக்சிஜனேற்றச் சேதம் எவ்வளவு, புரதத்தின் நிறம் எவ்வளவு என்று அந்த ஒரு எண்ணைப் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. போனில் பேசியவராலும் முடியாது. இன்னொன்று, செருலோபிளாஸ்மின் இரும்பைப் பாதுகாப்பான வடிவத்துக்கு மாற்றுவதால் ரத்தத்தில் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட் ஆகவும் வேலை செய்கிறது.

ரத்த வங்கி
உயிர்வேதியன் சார் சொன்னதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரத்ததானம் கொடுக்கும் பெண்களின் ரத்தத்தைப் பிரித்தால் சில பைகளில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, பச்சையாக இருக்கும். வழக்கமான வைக்கோல் மஞ்சளாக இருக்காது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் கிருமித் தொற்றோ என்று பதறுவார்கள். விசாரித்தால் பெரும்பாலும் அந்தப் பெண் கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருப்பார். செருலோபிளாஸ்மின் நீல நிறப் புரதம். மஞ்சளோடு நீலம் கலந்தால் பச்சை. கர்ப்பிணிகளின் ரத்தத்திலும் இப்படிப் பார்க்கலாம். அதில் கெடுதல் எதுவும் இல்லை.

கயல்
பச்சை பிளாஸ்மா! இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் சிஆர்பி? அது அழற்சியைக் காட்டும் பரிசோதனை என்கிறார்களே. இரண்டும் ஒரே நேரத்தில் கூடியதுதான் எனக்குப் பயம்.

மகப்பேறு மலர்
கயல், நான் மகளிர் நல மருத்துவர். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கென்று முடிவு சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

சிஆர்பியும் கல்லீரலில் உருவாகும் புரதம்தான். கூட்டு மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு அது இரண்டு மடங்கு, அதற்கு மேலும் கூடுவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். உண்மையான அழற்சி என்றால் அதைத் தூண்டிவிடும் ஐஎல்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்களும் அதிகரிக்க வேண்டும். மாத்திரையால் சிஆர்பி கூடும்போது அந்தப் புரதங்கள் அதிகரிக்காமலே இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதாவது கல்லீரலுக்கு நேரடியாகக் கிடைத்த தூண்டுதல். உங்கள் இரண்டு சிவப்பு அம்புக்குறிகளுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம். காய்ச்சல், பல் ஈறு வீக்கம், சமீபத்திய காயம் எதுவும் இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இயற்கையான எஸ்ட்ராடையாலைக் கல்லீரல் சீக்கிரம் உடைத்துவிடும். எத்தினைல் எஸ்ட்ராடையாலில் 17-ஆம் இடத்தில் ஒரு எத்தினைல் தொகுதியை ஒட்டியிருப்பதால் அவ்வளவு சுலபத்தில் உடையாது. அதனால்தான் வாய்வழி மாத்திரையாக வேலை செய்கிறது, அதனால்தான் கல்லீரலைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது. தோலில் ஒட்டும் பேட்ச், யோனி வளையம் இவற்றிலும் அதே பொருள் இருந்தால் இந்த விளைவு பெரிதாகக் குறைவதில்லை. எஸ்ட்ராடையால் அல்லது எஸ்டெட்ரால் (இதுவும் ஒரு ஈஸ்ட்ரோஜன்) உள்ள புதிய மாத்திரைகளில் கல்லீரல் மீதான தாக்கம் குறைவு. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையில் இன்னும் குறைவு.

அட்டையின் நடுவில் ஏன் நிறுத்தக்கூடாது? எதிர்பாராத கர்ப்பம் ஒரு காரணம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ரத்தக் குழாயில் உறைவு ஏற்படும் ஆபத்து, மாத்திரையை ஆரம்பிக்கும் முதல் வருடத்தில்தான் அதிகம். நான்கு வாரமோ அதற்கு மேலோ விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தால் அந்த ஆபத்து திரும்பவும் புதிதாகத் தொடங்கும். பயந்து நிறுத்துவது, பிறகு வலி வந்து ஆரம்பிப்பது, மறுபடி நிறுத்துவது என்று போனால் அதுதான் உடம்புக்குக் கெடுதல்.

பச்சை இலை
டாக்டர், உறைவு பற்றி நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த உறைவுக்கே ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் காரணம் என்று படித்தேன். அப்படியானால் கயலின் எண்ணை எப்படி அலட்சியம் செய்ய முடியும்? பெண்களின் உடம்பில் வரும் எந்த மாற்றத்தையும் “இதெல்லாம் சகஜம்” என்று ஒதுக்குவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால்தான் கேட்கிறேன்.

மகப்பேறு மலர்
நியாயமான கேள்வி. அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. எந்த எண்ணைப் பார்த்து எந்த முடிவு எடுப்பது என்பதுதான் விஷயம்.

உறைவு எப்படி வருகிறது என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் ஃபைப்ரினோஜன், காரணி 7, 8, 10 போன்ற உறைதல் காரணிகளைக் கூட்டுகிறது. உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின், புரதம் எஸ் ஆகியவற்றைக் குறைக்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் டி-ராம்ஸ் எண்ணை வைத்து இந்தப் பெண்ணுக்கு உறைவு வரும், இவருக்கு வராது என்று சொல்ல முடியாது.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் சொன்ன கணக்கு இது: மாத்திரை எடுக்காத, கர்ப்பமாக இல்லாத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் சுமார் 2 பேருக்கு உறைவு வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் உள்ள கூட்டு மாத்திரையில் 5 முதல் 7 பேருக்கு. டிரோஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரல் என்ற வேறு புரோஜெஸ்டின்கள் உள்ளவற்றில் 9 முதல் 12 பேருக்கு. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இதைவிட அதிகம். ஆபத்து உண்மையானது, ஆனால் சிறியது. உங்களுக்கு அது சிறியதா பெரியதா என்பதை ரத்த அழுத்தம், வயது, புகைப்பழக்கம், ஒற்றைத் தலைவலி, உடல் எடை, குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் உறைவு வந்ததா, இவைதான் தீர்மானிக்கும்.

ஓட்டக்காரி
நான் நீண்ட தூர ஓட்டம் ஓடுபவள், எனக்கும் இது சம்பந்தப்பட்ட கேள்வி. இத்தாலியில் விளையாட்டு வீராங்கனைகளிடம் ஆய்வு செய்தபோது மாத்திரை எடுப்பவர்களுக்கு ஹைட்ரோபெராக்சைடு தெளிவாகக் கூடியிருந்ததாகப் படித்தேன். என் பயிற்சியாளர் தினமும் ஒரு கிராம் வைட்டமின் சி போடச் சொல்கிறார். போடலாமா?

உயிர்வேதியன்
அந்த ஆய்வு உண்மைதான். அதிலும் நிறம் மாறும் பரிசோதனையைத்தான் பயன்படுத்தினார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அப்புறம், பயிற்சி முடிந்து எத்தனை மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறிவிடும்.

வைட்டமின் சி பற்றிய பேச்சு பழையது. 1970-களின் தொடக்கத்திலேயே மாத்திரை எடுக்கும் பெண்களின் ரத்தத்தில் அது குறைவாக இருப்பதாகக் கட்டுரைகள் வந்தன. அன்றைய மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் மிக அதிகம். 1960-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் மெஸ்ட்ரனால் 150 மைக்ரோகிராம் இருந்தது. அது கல்லீரலில் எத்தினைல் எஸ்ட்ராடையாலாக மாறும். இன்று வழக்கத்தில் இருப்பவை 20 முதல் 35 மைக்ரோகிராம். அந்தக் காலத்து முடிவை அப்படியே இன்றைய மாத்திரைக்குப் பொருத்த முடியாது. புகைப்பிடிப்பவர்களுக்கு வைட்டமின் சி குறையும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறிய ஆய்வுகளில் இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பது கடினம். இந்தத் துறையில் பெரும்பாலானவை ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து இரு குழுக்களை ஒப்பிட்டவை. ஒரே பெண்ணிடம் மாத்திரைக்கு முன்பும் பின்பும் பார்ப்பதுதான் எனக்கு நம்பிக்கை தரும்.

ஒரு கிராம் விஷயத்தில் இரண்டு காரணங்களால் தயங்குகிறேன். ஜெர்மனியில் 2009-ல் வெளியான ஆய்வில், இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சியோடு தினமும் ஒரு கிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பிக்கும் பலன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வைட்டமின் எடுக்காதவர்களுக்குக் கிடைத்தது. தசை தன்னைத் தேற்றிக்கொள்ள அந்த ராடிக்கல்களே சமிக்ஞையாக இருக்கின்றன. இரண்டாவது, வைட்டமின் சியும் எத்தினைல் எஸ்ட்ராடையாலும் குடல் சுவரில் ஒரே வழியில் சல்ஃபேட் ஆக மாறுகின்றன. ஒரு கிராம் எடுத்தால் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது என்று 1980-களின் தொடக்கத்தில் சொன்னார்கள். பிறகு கவனமாகச் செய்த ஆய்வில் அந்த விளைவு தெரியவில்லை. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தேவையில்லாமல் ஏன் போட வேண்டும்?

பச்சை இலை
மாத்திரை எடுக்கும் பெண்களுக்கே வைட்டமின் சி, ஈ கொடுத்துப் பார்த்து எம்டிஏ குறைந்ததாக ஆய்வு இருக்கிறதே? அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

உயிர்வேதியன்
இருக்கிறது. எம்டிஏ என்பது கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போது உடைந்து வரும் துண்டு. வைட்டமின் கொடுத்தால் அது குறைவதில் ஆச்சரியம் இல்லை. எண் குறைந்ததால் உறைவு குறைந்ததா, மாரடைப்பு குறைந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. எம்டிஏ பரிசோதனையிலும் சிக்கல் உண்டு. தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சூடாக்கும்போது சர்க்கரை, பிலிருபின் போன்றவையும் வினைபுரிந்து நிறம் தரும். ரத்தத்தைச் சரியாகக் குளிரில் வைக்காவிட்டால் எண் தானாகவே ஏறும். எனக்கு ஓரளவு நம்பிக்கை உள்ள அளவீடு, கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் உருவாகும் எஃப்2-ஐசோபுரோஸ்டேன் என்ற இன்னொரு பொருள்தான், அதற்கு நிறைநிறமாலைக் கருவி வேண்டும். முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் அது இருக்காது.

காப்ஸ்யூல் பெரிய அளவில் சோதிக்கப்பட்டபோது என்ன நடந்தது? அமெரிக்காவில் கிட்டத்தட்ட 40,000 பெண்களிடம் பத்து வருடம் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். 2005-ல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் என்று மொத்தமாகக் கணக்கிட்டபோது குறையவில்லை, புற்றுநோயும் குறையவில்லை. பின்லாந்தில் புகைப்பிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது, அது 1994-ல் வந்த முடிவு. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர் இருந்தாலே நல்லது என்று நான் நம்பாமல் போனதற்கு இந்த இரண்டும் காரணம்.

மகப்பேறு மலர்
ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். மூலிகைக் கலவையாக வரும் காப்ஸ்யூல் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் இருந்தால் கல்லீரல் மாத்திரையின் ஹார்மோனை வேகமாக உடைத்துவிடும், கருத்தடை தவறிப்போகும். கழிவு நீக்கும் என்று விற்கப்படும் ஆக்டிவேட்டட் சார்கோலும் அப்படித்தான், மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குள் அதை விழுங்கினால் ஹார்மோனை உறிஞ்சிக்கொள்ளும். கயல், உங்களுக்குச் சொன்ன காப்ஸ்யூலின் பொருள் பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

தாமரை
இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். எனக்கு 41 வயது. இதே மாதிரி கூட்டு மாத்திரைதான். கயல் மாதிரி எந்தப் பரிசோதனையும் செய்ததில்லை. தலைவலி வருவதற்கு முன்னால் கண்ணில் வளைந்து வளைந்து ஒளிக்கோடு தெரியும், அரை மணி நேரத்தில் போய்விடும். சிகரெட்டும் உண்டு, ஒரு நாளுக்கு ஒரு பாக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைவாக. டாக்டர் சொன்ன பட்டியலைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. நானும் டி-ராம்ஸ் பார்க்க வேண்டுமா?

மகப்பேறு மலர்
தாமரை, டி-ராம்ஸ் வேண்டாம். உங்கள் மருத்துவரை இன்றே அழையுங்கள்.

நீங்கள் சொல்லும் ஒளிக்கோட்டை ஆரா என்போம். ஆராவோடு வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் எந்த வயதிலும் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி விதிகள் சொல்கின்றன, பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுவதால். 35 வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 15 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தாலும் கூடாது. அதற்குக் குறைவாகப் பிடித்தாலும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. இரண்டில் ஒன்றே போதும், உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள், 160/100-ஐத் தொட்டால் அதுவே தனியாக ஒரு தடை.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், இதுவரை வராத கடுமையான தலைவலி, இவற்றில் எது வந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

பச்சை இலை
தாமரை, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். டாக்டர், கயலுக்குச் சொன்ன பதிலும் தாமரைக்குச் சொன்ன பதிலும் ஏன் இவ்வளவு வேறாக இருக்கிறது என்று இப்போது புரிகிறது. ஆனாலும் மாத்திரை எழுதிக் கொடுக்கும்போதே இந்தக் கேள்விகளை எல்லாம் கேட்டிருக்க வேண்டாமா?

மகப்பேறு மலர்
கேட்டிருக்க வேண்டும். ஆரம்பிக்கும்போது மட்டுமல்ல, வருடத்துக்கு ஒரு முறையாவது. இருபதுகளில் பொருத்தமாக இருந்த மாத்திரை நாற்பதில் பொருந்தாமல் போகலாம். இதற்கு ரத்தப் பரிசோதனைகூட அவசியமில்லை, ரத்த அழுத்தக் கருவியும் பத்து நிமிடப் பேச்சும் போதும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கூட்டு மாத்திரை எடுத்த பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் குறைகின்றன, அதுவும் 30 சதவீதத்துக்குக் குறையாமல். மாத்திரையை நிறுத்திப் பல வருடங்கள் ஆன பிறகும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. எடுக்கும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. ஒரு பெண்ணுக்கு மாத்திரை வேண்டுமா என்று பேசும்போது இவை எல்லாம் மேசைமேல் இருக்க வேண்டும்.

கயல்
நன்றி டாக்டர், நன்றி உயிர்வேதியன் சார். மாத்திரையை நிறுத்தவில்லை, காப்ஸ்யூலும் வாங்கவில்லை. எனக்கு ஆரா கிடையாது, குடும்பத்தில் உறைவு இருந்ததா என்று அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்கப்போகிறேன். என் டாக்டரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். மாத்திரை இல்லாத அந்த ஏழு நாள் இடைவெளியில் ரத்தம் கொடுத்தால் உண்மையான எண் தெரியுமா?

உயிர்வேதியன்
ஓரளவு இறங்கும், முழுதாக இறங்காது. சிஆர்பியின் அரை ஆயுள் ஒரு நாளுக்கும் குறைவு, அது சீக்கிரம் குறையலாம். செருலோபிளாஸ்மினுக்குச் சுமார் 5 நாள், அதனால் இடைவெளியின் கடைசி நாளில்கூட மாத்திரையின் தாக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது, மறுபடி பார்ப்பதாக இருந்தால் அதே ரத்தத்தில் செருலோபிளாஸ்மினையும் அளக்கச் சொல்வது. பெரும்பாலான ஆய்வகங்களில் செய்வார்கள். அது கூடியிருந்தால் டி-ராம்ஸ் ஏன் கூடியது என்பதற்கு உங்கள் டாக்டரிடம் காட்ட ஒரு தாள் இருக்கும்.

தாமரை
என் மருத்துவரிடம் பேசிவிட்டேன். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொன்னார், நாளை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். அந்த மாத்திரைக்குப் பதிலாக எந்தக் கருத்தடை முறைகளை யோசித்துக்கொண்டு போகட்டும்?

மகப்பேறு மலர்
ரொம்ப நல்லது தாமரை. செம்பு சேர்ந்த கருப்பைச் சாதனத்தில் ஹார்மோன் இல்லை, ஆராவும் புகையும் அதற்குத் தடையில்லை. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை, தோலுக்கடியில் வைக்கும் குச்சி, ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் ஆகியவற்றைப் பற்றியும் கேளுங்கள். மாதவிடாய் அதிகமாகப் போகுமா, வலி உண்டா என்பதைச் சொன்னால் அவர் தேர்ந்தெடுக்க உதவும். புதியது தொடங்கும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். சிகரெட்டை நிறுத்த உதவி வேண்டும் என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.